தலையணையோடு போனவள்

திருவூடல் தெருவில் அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அதே சாயங்காலம், கோதண்டராமனின் மனைவி சந்திரகலாவும் கையில் ஒரு பையோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

அம்மன் கோபித்துக்கொள்வது வருஷா வருஷம் நடப்பது. மாட்டுப் பொங்கலன்று சுவாமியும் அம்மனும் தெருவில் எதிரும் புதிருமாக நிற்பார்கள். சுந்தரர் நடுவில் தூது போய் அலைவார், ஒன்றும் பலிக்காது. மறுநாள் அண்ணாமலையார் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து நின்றால் மறுவூடல், கதவு திறந்துவிடும். முடிவு ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் பதறுவதில்லை. ஆனால் சந்திரகலா கோபித்துக்கொண்டு போனது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மறுநாள் என்ன நடக்கும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கவில்லை.

கோதண்டராமனுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை. வீடு திருவூடல் தெருவுக்குப் பின்னாலேயே. மொட்டை மாடியில் ஏறினால் சுவாமி புறப்பாடு கண்ணெதிரே தெரியும். இந்த ஒரே காரணத்துக்காக உறவினர் அத்தனை பேருக்கும் அவர் மேல் தனிப் பாசம். தீபத்துக்கு வருவார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவார்கள், பொங்கலுக்கு வந்தால் போகவே மாட்டார்கள். "நம்ம வீடு இருக்கறப்ப லாட்ஜுக்கா போவாங்க?" என்பார் கோதண்டராமன் பெருமையாக. பெருமை அவருக்கு, பாத்திரம் சந்திரகலாவுக்கு என்று வீட்டில் வேலை பிரிந்திருந்தது.

வந்த வினை என்னவென்றால், மொட்டை மாடியில் சுவாமி பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கீர்த்தனா ஒரு கேள்வி கேட்டாள். ஆவணியில் கல்யாணமானவள். புதுப் புருஷன் விமல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டே உலகத்தைப் பார்க்கிறவள்.

"மாமா, சாமிக்கே ஊடல், கூடல்னு எவ்ளோ லவ் பாருங்க. நீங்க அத்தையை லவ் பண்றீங்களா?"

"லவ்வா?" என்று சிரித்தார் கோதண்டராமன். "அதெல்லாம் உங்க காலத்து ஐட்டம்மா. எங்களுக்கு ஒரே ரேஷன் கார்டு. அதுக்கு மேல என்னா லவ்வு?"

மாடியே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது பார்த்தால், மாடிப்படியில் காபித் தட்டோடு சந்திரகலா நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தாள்.

"எனக்கு மனசு சரியில்ல. எங்கம்மா வீட்டுக்குப் போறேன். யாரும் என்னைத் தேடிக்கினு வரக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் தயாராக இருந்த பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

கோதண்டராமனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனுஷன் கெட்டவர் அல்ல. காதல் என்பது வீட்டுத் தண்ணீர் மோட்டார் மாதிரி என்பது அவருடைய எண்ணம். ஓடுகிற வரைக்கும் அதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. இப்போது திடீரென்று நின்றுவிட்டதும், ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சந்திரகலாவின் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமியார் கஸ்தூரிக்குப் போட்டார்.

"அத்தை, சந்திரா வந்துட்டாளா?"

"இப்பதான் வந்தா மாப்ள."

"கொஞ்சம் குடுங்களேன்."

"ரூமுக்குள்ள போயி கதவை சாத்திக்கினா. இப்ப பேச மாட்டா."

"அழுதாளா அத்தை?"

"கண்ணு ரெண்டும் செவந்துதான் கெடக்குது. இது இன்னிக்கு நேத்து விஷயம் இல்ல மாப்ள, வருஷக்கணக்கா சேர்ந்தது. நீங்க ஒண்ணும் பண்ணாம இருங்க, அது போதும்."

வருஷக்கணக்கா சேர்ந்தது! கோதண்டராமன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் பண்ணாமல் இருங்கள் என்று மாமியார் சொன்னது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

அக்கா ராணியம்மாள் படுக்கை அறையிலிருந்து மார்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "தம்பி, அவ தலையணையைக் காணோம்டா!"

"அதுக்கென்னாக்கா?"

"என்னாவா? கோவத்துல போறவ துணி எடுத்துகினு போவா. தலையணையை எடுத்துகினு போனா, அவ திரும்பி வர மாட்டாடா. எங்க பக்கத்து வீட்ல ஒருத்தி இப்படித்தான் போனா. இன்னிக்கி வரைக்கும் வரல."

கோதண்டராமன் போய்ப் பார்த்தார். கட்டிலில் அவருடைய தலையணை மட்டும் தனியாகக் கிடந்தது. அவள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அப்போதுதான் நிஜமாக வந்தது.

கூடத்தில் குடும்பமே கூடி யோசனை சொன்னது. ஆளுக்கு ஒரு காதல், ஆளுக்கு ஒரு வைத்தியம்.

"பொம்பளை மனசு எரங்கணும்னா நீ கஷ்டப்படணும்டா. பட்டினி கெட. உங்க மாமா கோவிச்சுக்கினா நான் பச்சைத்தண்ணி தொட மாட்டேன். தானா வழிக்கு வருவார்" என்றாள் ராணியம்மாள்.

"போங்கம்மா. லவ்வை வாயால சொல்லணும். சொல்லாத லவ்வு இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?" இது கீர்த்தனா.

விமல்ராஜ் சிரித்தான். அவன் சென்னையில் கார் விற்கிறவன். "ரெண்டுமே தப்பு மாமா. கெஞ்சினா நம்ம மதிப்பு கம்மியாயிடும். நீங்க ஜாலியா இருக்கறா மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் போடுங்க. நாம இல்லாமலே இந்தாளு ஜாலியா இருக்காரேன்னு அடுத்த பஸ்சுல வந்துடுவாங்க."

இருப்பதிலேயே இதுதான் உடம்பு நோகாத வழி. கோதண்டராமன் ஒத்துக்கொண்டார். கையில் ஒரு கரும்பைக் கொடுத்து, கூலிங் கிளாசை மாட்டிவிட்டு விமல்ராஜே படம் பிடித்தான். 'சந்தோஷம் நம் கையில்' என்று எழுதியும் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் கஸ்தூரி கூப்பிட்டார்.

"என்னா மாப்ள பண்ணி வெச்சிருக்கீங்க? சந்திரா இங்க வந்து கெடக்கறா, மாப்ள அங்க கரும்பு கடிச்சிகினு சிரிக்கறாரேன்னு எங்க சொந்தக்காரங்க அத்தினி பேரும் ஃபோன் பண்றாங்க. மணி அடிச்சிகினே இருக்குது."

"சந்திரா பாத்தாளா அத்தை? என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கதவைத் தொறந்துகினு வந்தா. என் ஃபோனைப் புடுங்கி அரிசி டப்பாவுக்குள்ள போட்டா. மறுபடியும் போயி சாத்திக்கினா. இப்ப டப்பாவுக்குள்ள கைய வுட்டுத்தான் உங்க கிட்ட பேசறேன்."

ஃபோனை அரிசிக்குள் போடும் அளவுக்குக் கோபம்! விமல்ராஜ், "ரியாக்‌ஷன் வந்துடுச்சு பாத்தீங்களா மாமா" என்றான். கோதண்டராமன் அவனை ஒரு பார்வை பார்த்தார். அக்கா மருமகன் என்பதால் பார்வையோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் விடிந்தும் விடியாமலும் கூடத்திலிருந்து, "காபி ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. கோதண்டராமன் எழுந்து அடுப்படிக்குப் போனார். காபித்தூள் டப்பாவைத் தேடியதில் மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் கிடைத்தன. ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்கு வெல்லம் போட்டு, ஒருவருக்குப் பால் மட்டும், ராணியம்மாளுக்கு ஆறாமல் ஆனால் ரொம்பச் சுடாமல். எல்லோருக்கும் கொடுத்து முடித்து நிமிர்ந்தபோது முதலில் குடித்தவர் இரண்டாவது காபிக்குத் தயாராக இருந்தார். தம்ளர்களைக் கழுவிக்கொண்டே கோதண்டராமன் சந்திரகலாவை நினைத்துக்கொண்டார். இவள் இதையெல்லாம் எப்படித்தான் முகம் சுளிக்காமல் செய்தாளோ! வந்துவிடு தாயே என்று மனசார வேண்டிக்கொண்டார். கொஞ்சம் காபிக்காக, மீதி அவளுக்காக.

"இன்னிக்கி சாமியே தனியா கிரிவலம் போறார். நீயும் பின்னாடியே போ. வெறும் வயித்துல போ" என்றாள் ராணியம்மாள். விமல்ராஜின் வைத்தியத்தைப் பார்த்த பிறகு பட்டினி எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்.

சுவாமியை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கோதண்டராமனைத் தூக்க ஆளில்லை. அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் கால் கொப்பளித்து, கண் இருட்டி, மோர்ப் பந்தல் ஒன்றின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்காரத்தான் உட்கார்ந்தார். அதை மலை சுற்ற வந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் ஊருக்கு ஃபோன் பண்ணும்போது அது மயக்கம் ஆகியிருந்தது. செய்தி ஊர் போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரியும் ஆகிவிட்டது.

கஸ்தூரி பதறிக்கொண்டு கூப்பிட்டார். "மாப்ள, உயிரோட இருக்கீங்களா?"

"மோர் குடிச்சிகினு இருக்கேன் அத்தை."

"நல்லா குடிங்க! தெருவே எங்க வாசல்ல வந்து நிக்குது. அவ ரூம் கதவை ஆளாளுக்குத் தட்டறாங்க."

"சந்திரா என்னா சொன்னா?"

"உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. என்னான்னு புரியல."

அழுதிருக்கிறாள், எனக்காக அழுதிருக்கிறாள் என்று கோதண்டராமனுக்குக் கண் கலங்கியது. "நான் இப்பவே வரேன் அத்தை!"

"ஐயோ, வேணாம் மாப்ள! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு நாள் கழிச்சி அவளே வருவா. நீங்க மட்டும் வராதீங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கீர்த்தனா துள்ளி எழுந்தாள். "வராதீங்கன்னா வாங்கன்னு அர்த்தம் மாமா. இன்னிக்கி மறுவூடல். இன்னிக்கே போயி சொல்லிடுங்க. ஆனா நீங்க தனியா போகக் கூடாது."

"ஏம்மா?"

"மாடியில அத்தினி பேர் முன்னாடி லவ்வு இல்லன்னு சொன்னீங்க. அத்தினி பேர் முன்னாடிதான் இருக்குன்னும் சொல்லணும். எல்லாரும் போவோம். வேன் சொல்லிடலாம்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே கோதண்டராமனுக்குப் பட்டது. மேலும், மறுக்க உடம்பில் தெம்பு இல்லை.

"சரி, அத்தைக்கு ரொம்பப் புடிச்சது என்னா? அதை வாங்கிகினு போலாம்."

கோதண்டராமன் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"மல்லிப்பூ?"

"தலைவலி வருதுன்னு சொல்லுவா."

"ஸ்வீட்டு?"

"எல்லாருக்கும் வெச்சிட்டு, தீந்துடுச்சும்பா. சாப்பிட்டு நான் பாத்ததில்ல."

"பொடவை? சினிமா? எங்கனா ஊருக்குப் போறது?"

"தெரியலம்மா" என்றார் கோதண்டராமன். குரல் இறங்கிவிட்டது. ஆபீசில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷன். கட்டின மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. அவருக்கே அவமானமாக இருந்தது.

தெரியாததால் எல்லாவற்றையும் வாங்கினார்கள். பூ, பழம், ஜாங்கிரி, மாம்பழக் கலரில் ஒரு புடவை. வேனில் கடைசி ஆள் ஏறும்போது, கோதண்டராமனோடு பள்ளியில் படித்த அப்பாதுரை நாதஸ்வரப் பையோடு எதிரே வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். சுவாமி பார்த்துவிட்டுத் தவில்காரரோடு ஊர் திரும்புகிறார். வேனில் இடம் கொடுத்ததும் கதையைக் கேட்டார்.

"மறுவூடலுக்கு மேளம் இல்லாமலா?" என்றார் அப்பாதுரை. "கோதண்டம், இதுக்கு நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்பா. இது என் கடமை."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த கோதண்டராமன், சொல்லிப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டார். காலையிலிருந்து எது அவர் சொல்படி நடந்தது?

வேன் கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றபோது உச்சி வெயில். பெரிய அமளி ஓய்ந்து, தெருவில் அப்போதுதான் ஒரு அமைதி வந்திருந்தது. கஸ்தூரி வாசலில் நாற்காலி போட்டுக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வரவேற்பு பலமா இருக்குதே!" என்று அப்பாதுரை நாதஸ்வரத்தை எடுத்தார். தவில் முழங்கியது. கஸ்தூரி கையை இன்னும் வேகமாக ஆட்டினார். கெட்டிமேளம் கேட்கிறார் போலிருக்கிறது என்று தவில்காரர் உருட்டித் தள்ளிவிட்டார். தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன. காலையில் வந்து போன ஊர் மறுபடியும் கூடியது.

கோதண்டராமன் கொப்பளித்த காலோடு நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் போய், சாத்தியிருந்த அறைக் கதவின் முன்னால் நின்றார். பின்னால் மொத்த உறவும் நின்றது. கீர்த்தனா கையைக் காட்ட, மேளம் நின்றது.

"சந்திரா" என்றார். ஆபீசில் அதிகாரி முன்னால்கூடக் குரல் இப்படி நடுங்கியதில்லை. "நான் மாடியில சொன்னது தப்பு. எனக்கு உன்னை ரொம்பப் புடிக்கும். அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணினதே இல்ல. நீ இல்லாம ஒரு காலைப் பொழுது போவல. காபிக்காகச் சொல்லல, கட்டில்ல உன் தலையணை இல்லாம பாத்தேன், பயந்துட்டேன். உனக்கு என்னா புடிக்கும்னு கேட்டாங்க, எனக்கு அது கூடத் தெரியல சந்திரா. நீயே சொல்லு. எதுவா இருந்தாலும் செய்யறேன்."

ராணியம்மாள் மூக்கைச் சிந்தினாள். கீர்த்தனா விமல்ராஜின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாசிப்புக்கு நாதஸ்வரச் சீவாளியை நனைத்தார்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

சந்திரகலா நின்றாள். முடி ஒரு பக்கம் கலைந்து கிடந்தது. கன்னத்தில் தலையணை உறையின் தையல் அப்படியே பதிந்திருந்தது. பாதி திறந்த கண்ணால் புருஷனைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், தவிலைப் பார்த்தாள்.

"மாடியில என்னா சொன்னீங்க?" என்றாள்.

"அதான்... ரேஷன் கார்டு... லவ்வு இல்லன்னு..."

"என் காதுல அது வுழவே இல்லையே."

பிறகு அவர் தோளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை வரிசையாகப் பார்த்தாள். பெருமூச்சு ஒன்று வந்தது. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே, "எல்லாருமே வந்துட்டீங்களா? இருங்க, காபி போடறேன். சக்கரை இல்லாம யாருக்கு?" என்று கேட்டபடி அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

கோதண்டராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெதுவாகக் கஸ்தூரியின் பக்கம் குனிந்து, "கோவம் போயிடுச்சு இல்ல அத்தை?" என்றார்.

கஸ்தூரி அறைக்குள் இருந்த காலிக் கட்டிலையும், அதன் மேல் கிடந்த தலையணையையும் பார்த்தார்.

"கோவம் எங்க மாப்ள இருந்துச்சு? ரெண்டு நாள் தூங்கணும்னு சொன்னா யாரு அவளை பஸ் ஏத்தி வுடுவீங்க? அதான் மனசு சரியில்லன்னு சொல்லிட்டு வந்தா!"